“இதில் நீங்கள் செய்தது எது?” – இளநிலை மாணவர் போஸ்டர் அரங்குக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளநிலை மாணவர்களுக்காக நடத்தப்படும் ஆய்வரங்குகளில், மேடையேறிக் கட்டுரை படிப்பவர்களைவிடப் போஸ்டர் வைத்து அதன் பக்கத்தில் நிற்பவர்களே பெரும்பாலும் அதிகம். ஒரு பெரிய கூடத்தில் பலகைகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பலகையிலும் ஓர் ஆய்வு ஒட்டப்பட்டிருக்கும். பார்வையாளர்களும் நடுவர்களும் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, படித்து, கேள்வி கேட்டு நகர்வார்கள். ‘சுவரொட்டி’ என்று எழுதினால் தேர்தலும் திரைப்படமும் நினைவுக்கு வந்துவிடுவதாலோ என்னவோ, ஆய்வு வட்டாரத்தில் எல்லோரும் போஸ்டர் என்றே சொல்கிறார்கள். இங்கும் அச்சொல்லையே கையாள்கிறேன்.

இத்தகைய அரங்குகளில் சில ஆண்டுகளாக நடுவராக இருந்துவருகிறேன். நான் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறுவதில்லை: “இதில் நீங்கள் செய்தது எது, தம்பி?” கடினமான கேள்வி அன்று; ஆயினும் நன்றாக உழைத்த மாணவர்களே இதற்குத் தடுமாறி, பாடநூலின் முதல் அத்தியாயத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தலைப்பைத் தேர்வதிலிருந்து பலகையின் பக்கத்தில் நிற்பது வரை எல்லா வேலைகளையும் இந்த ஒரு கேள்விக்கான விடையை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால், போஸ்டர் தானாகவே ஒழுங்குபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போஸ்டர் அரங்கு பழைய வழக்கம் அன்று. 1969இல் மாட்ரிட் நகரில் ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய மாநாட்டில் இம்முறை கையாளப்பட்டது. 1974இல் மினியாபொலிஸ் நகரில் நடந்த உயிர்வேதியியல், உயிர் இயற்பியல் மாநாட்டின் வழியாக அமெரிக்காவுக்கும் வந்தது. பேச விரும்பியவர்கள் பெருகிப் போனதும், மேடையில் அத்தனை பேருக்கும் நேரம் இல்லாமற்போனதுமே இதற்குக் காரணம். அதே 1969இல்தான் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விக்கார் இளநிலை மாணவர்களை ஆய்வகங்களுக்குள் அழைத்துவரும் திட்டத்தைத் தொடங்கினார். இளநிலை ஆய்வுக்கென்றே ஒரு தேசிய மாநாடு வட கரோலினாவின் ஆஷ்வில்லில் 1987இல் தொடங்கியது. நம் நாட்டில் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையும், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டமும், இறுதிப் பருவத்தின் புராஜெக்ட்டும் மாணவர்களை இந்தப் பலகைகளுக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

எதை எடுத்துச் செல்வது

இறுதியாண்டு புராஜெக்ட்டை அப்படியே தூக்கிச் செல்லலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புராஜெக்ட் அறிக்கை எண்பது பக்கம் இருக்கும். அதில் முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு, கருவிகளின் விவரம், வேதிப்பொருள்களின் பட்டியல் எல்லாம் அடங்கும். போஸ்டருக்கு அவ்வளவும் தேவையில்லை. நீங்களே கேட்ட ஒரு கேள்வி, நீங்களே எடுத்த தரவு, அதிலிருந்து கிடைத்த ஒரு விடை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். விடை ‘இல்லை’ என்று வந்திருந்தாலும் குறைவில்லை.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த வேதியியல் மாணவி, தம் ஊரின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார். அந்த வட்டாரத்தின் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்துவருவதும், அதனால் பற்களில் பழுப்புக் கறை படிவதும் புதிய செய்தி அல்ல. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் கொண்டுவரும் திட்டத்தின் நோக்கங்களுள் இந்தப் பாதிப்பைத் தணிப்பதும் ஒன்று. எனவே ‘எங்கள் ஊரில் ஃபுளோரைடு இருக்கிறது’ என்பதோடு அவர் நின்றுவிட்டால், தெரிந்ததையே திரும்பச் சொன்னவர் ஆவார். மாறாக, ‘கிணற்றின் ஆழத்துக்கும் ஃபுளோரைடின் அளவுக்கும் தொடர்பு உண்டா?’ என்று கேட்டு, 24 கிணறுகளின் ஆழத்தை வீட்டுக்காரர்களிடம் விசாரித்துக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நீர் எடுத்து அளந்தால், அது சிறியதானாலும் அவருடைய ஆய்வு. ஆழத்தோடு தெளிவான தொடர்பு எதுவும் தெரியவில்லை என்ற விடையே கிடைத்தாலும், அதைத் தயங்காமல் போஸ்டரில் எழுதலாம்.

அறிவியல் மாணவர்களுக்கு மட்டுமே இது உரியது என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு தமிழிலக்கிய மாணவர் ஐங்குறுநூற்றில் நீரும் நீர்நிலையும் சார்ந்த சொற்கள் எந்தத் திணையில் எவ்வளவு வருகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். திணைக்கு நூறு பாடல்கள் என்று அந்நூல் வகுக்கப்பட்டிருப்பதால் ஒப்பீடு எளிது போலத் தோன்றும். ஆனால் நெய்தல் பகுதியில் 129, 130 ஆகிய இரு பாடல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் விழுக்காடு காண எண்ணிக்கையை நூறால் வகுத்தாரா, தொண்ணூற்றெட்டால் வகுத்தாரா என்பது நடுவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வியாகும். அதற்கான விடையைத் தயாராக வைத்திருக்கும் மாணவர், பாடல்களைத் தாமே எண்ணியவர் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கசப்பான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புராஜெக்ட் செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட கடைகள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. அங்கே வாங்கிய வேலையை மூன்று பேர் சேர்ந்து போஸ்டராக வைப்பதும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நடுவருக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை. அதைவிடப் பரிதாபமானது, நால்வர் குழுவில் ஒருவர் மட்டும் உழைத்து, பேச்சுத் திறமையுள்ள இன்னொருவர் முன்னால் நிற்க, உழைத்தவர் பின்னால் ஒதுங்கி நிற்கும் காட்சி. குழுவாகச் செய்த வேலையானால், யார் எதைச் செய்தார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே பின்னர் போஸ்டரின் ஒரு மூலையில் ‘பங்களிப்பு’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகளாக இடம்பெறட்டும்.

மனிதர்களிடம் தரவு திரட்டினால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவையா என்பதை உங்கள் ஆய்வு வழிகாட்டியான ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். உயிர்மருத்துவ, உடல்நல ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. வேலையை முடித்தபின் ஒப்புதல் கேட்பது பயன் தராது. தாவரங்களோடு தொடர்புடைய ஆய்வானால், செடியை அடையாளம் கண்டவர் யார், உலர்மாதிரி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகத்தை இதற்காகப் பலர் நாடுகிறார்கள்.

சுருக்கம் எழுதுதல்

அரங்கில் இடம் கிடைப்பது ஆய்வுச் சுருக்கத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் 250 சொற்களுக்குள் கேட்பார்கள். அழைப்பிதழில் குறிக்கப்பட்ட அளவை ஒரு சொல்கூடத் தாண்டக்கூடாது, ஏனெனில் இணையப் படிவம் மிகுதியை இரக்கமின்றி வெட்டிவிடும், வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருக்கும் முடிவாகத்தான் இருக்கும். சிக்கலை ஒன்றிரண்டு வாக்கியங்களில் சொல்லி, உங்கள் கேள்வியை ஒரு வாக்கியத்தில் கேட்டு, செய்த முறையை இரண்டு மூன்று வாக்கியங்களில் விளக்கி, மீதியை முழுவதும் முடிவுகளுக்குக் கொடுங்கள். எண்கள் இருக்கட்டும். ‘குறிப்பிடத்தக்க அளவு ஃபுளோரைடு காணப்பட்டது’ என்று எழுதுவதைவிட, எத்தனை கிணறுகளில் எத்தனை கிணறுகள் எந்த வரம்பைத் தாண்டின என்று எழுதுவதே நேர்மையானது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரநிலையில் ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதி. எந்த வரம்போடு ஒப்பிட்டீர்கள் என்று சொல்லாமல் ‘அதிகம்’ என்று எழுதினால் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை.

‘முடிவுகள் அரங்கில் விவாதிக்கப்படும்’ என்ற வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள். வேலை இன்னும் முடியவில்லை என்பதை அது தேர்வுக்குழுவுக்குச் சொல்லிவிடும். உண்மையிலேயே முடியவில்லை என்றால், இதுவரை கிடைத்த முடிவு இது, எஞ்சிய அளவீடுகள் இத்தனை என்று வெளிப்படையாகச் சொல்வது மேல். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சுருக்கத்தை எழுதித்தரச் சொல்லும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வழவழப்பான அந்த நடையை வைத்துப் புள்ளியை யாரும் குறைக்காமல் போகலாம், ஆனால் அதிலுள்ள சொற்களுக்கு நீங்கள்தான் பலகையின் பக்கத்தில் நின்று பொருள் சொல்ல வேண்டியிருக்கும். அனுப்புவதற்கு முன் வழிகாட்டியின் ஒப்புதலையும், பெயர்களின் வரிசை குறித்துக் குழுவினர் அனைவரின் ஒப்புதலையும் பெற்றுவிடுங்கள். பெயர் வரிசைச் சண்டை அச்சுக்குப் போன பிறகு தீர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

போஸ்டரின் அமைப்பு

பார்வையாளர் நான்கைந்து அடி தள்ளி நின்று, அக்கம்பக்கத்தின் இரைச்சலுக்கிடையே, சில நொடிகளில் அங்கே நிற்பதா நகர்வதா என்று முடிவு செய்கிறார். ஆகவே முதலில் கண்ணில் படும் தலைப்பு உங்கள் கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். ‘தருமபுரி மாவட்டக் கிராமம் ஒன்றின் நிலத்தடி நீர்த் தரம் குறித்த ஓர் ஆய்வு’ என்ற தலைப்பைக் கடந்து போவது எளிது. ‘ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் ஃபுளோரைடைத் தீர்மானிக்கவில்லை: 24 கிணறுகளின் அளவீடு’ என்று எழுதினால், அதை ஏற்காதவரும் நின்று கேட்பார்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன் 2019இல் ஒரு மாற்று வடிவத்தை முன்வைத்தார்: போஸ்டரின் நடுப்பகுதி முழுவதும் முக்கியக் கண்டுபிடிப்பு ஒன்றே எளிய சொற்களில் பெரிய எழுத்தில் இருக்கும், விவரங்கள் இரு ஓரங்களிலும் ஒடுங்கியிருக்கும், முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். நம் அரங்குகளில் முன்னுரை, செய்முறை, முடிவு என்ற கட்டங்களை நடுவர்கள் எதிர்பார்ப்பதால் அதை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அடிப்படையை எடுத்துக்கொள்ளலாம். முடிவைக் கீழே வலது மூலையில் ஒளித்துவைக்காமல், ஆள் நின்று பார்க்கும்போது கண்ணின் உயரத்துக்கு வரும்படி மேலே கொண்டுவாருங்கள்.

அளவை அமைப்பாளர்கள் சொல்லியிருப்பார்கள். ஏ0 என்பது 841க்கு 1189 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பு. ஏ1 அதில் பாதி. ஏ0 அளவில் தலைப்புக்கு 85 புள்ளிக்கு மேலும், உட்தலைப்புகளுக்கு 40 முதல் 50 புள்ளி வரையும், உள்ளடக்கத்துக்கு 24 புள்ளிக்குக் குறையாமலும் எழுத்தளவு வைப்பது நல்லது. தமிழில் எழுதுவோர் இன்னும் சற்றுப் பெரிதாக வைக்க வேண்டும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் கொண்ட நம் எழுத்துகளுக்கு வரிகளிடையே கூடுதல் இடைவெளி வேண்டும், நீளமான சொற்கள் பத்தியின் அகலத்தையும் விரைவாகத் தின்றுவிடும். சொற்களைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. முழுப் போஸ்டரிலும் 400 சொற்களுக்கு மேல் இருந்தால் என் கண் தளர்ந்துவிடுகிறது. எனக்கு வயதாவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓர் எளிய சோதனை உண்டு. ஏ0 போஸ்டரை ஏ4 தாளில் அச்சிட்டால் நீளமும் அகலமும் நான்கில் ஒரு பங்காகும். 24 புள்ளி எழுத்து 6 புள்ளியாகும். அந்தத் தாளை மடியில் வைத்துச் சிரமமின்றிப் படிக்க முடிந்தால் பெரிய போஸ்டரையும் எட்ட நின்று படிக்கலாம். படிக்க முடியாத பகுதிகளை வெட்டிவிடுங்கள்.

படங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் போஸ்டர் அங்கேதான் வெல்கிறது அல்லது தோற்கிறது. 24 கிணறுகளின் அளவுகளை 24 வரி அட்டவணையாகப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்; ஆழத்தைக் கிடை அச்சிலும் ஃபுளோரைடைச் செங்குத்து அச்சிலும் வைத்து 24 புள்ளிகளைக் குறித்து, 1.5 என்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால், விளக்கமே தேவையின்றி முடிவு தெரிந்துவிடும். எக்செல் தரும் முப்பரிமாண வட்ட விளக்கப்படத்தை மறந்துவிடுங்கள். அது சாய்ந்து நிற்பதால் முன்னால் இருக்கும் துண்டு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதுங்கள். அளவீட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பிழைக்கோடுகள் இருந்தால் அவை திட்டவிலக்கமா, திட்டப்பிழையா, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியா என்று படத்தின் கீழேயே சொல்லுங்கள். மூன்றும் வெவ்வேறு நீளம் கொண்டவை, எதுவென்று தெரியாத பிழைக்கோடு வெறும் அலங்காரம். எத்தனை மாதிரிகள், ஒவ்வொன்றையும் எத்தனை முறை அளந்தீர்கள் என்பதும் அங்கேயே இருக்கட்டும். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து இரண்டு குழுக்களை வேறுபடுத்தாதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் அரங்கில் சிலரேனும் இருப்பார்கள். நிறத்தோடு வடிவத்தையும் மாற்றி, ஒன்றுக்கு வட்டம், மற்றொன்றுக்கு முக்கோணம் என்று வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

இணையத்தில் எடுத்த பொதுவான படங்கள் வேண்டாம். கிணற்றடியில் பாட்டிலோடு நிற்கும் உங்கள் கைபேசிப் படம், ஆய்வகத்தில் நீங்களே எடுத்த நுண்ணோக்கிப் படம், அதில் ஓர் அளவுக்கோடு ஆகியவை, கேட்கும் முன்பே என் முதல் கேள்விக்குப் பாதி விடை தந்துவிடும். நம் போஸ்டர்களில் மேல் கால்பகுதியைச் சின்னங்களும் முதல்வர், செயலர், புரவலர் பெயர்களும் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அழைப்பிதழுக்கு அது பொருந்தும். போஸ்டரில் நிறுவனத்தின் சின்னம் ஒன்று சிறிதாக ஒரு மூலையில் இருக்க, நன்றி கூற வேண்டியவர்களுக்கும் நிதி தந்தவர்களுக்கும் கீழே இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.

அச்சுக்கடையில்

பவர்பாயிண்ட்டில் போஸ்டரை உருவாக்குவோரே அதிகம்; அதில் தவறில்லை. ஆனால் சாதாரணப் பக்க அளவில் செய்துவிட்டுப் பிறகு பெரிதாக்காமல், தொடக்கத்திலேயே பக்க அளவைப் போஸ்டரின் உண்மை அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருப்பது சிறப்பு, 150க்குக் குறைந்தால் சிதறல் தெரியும். வாட்ஸ்அப் வழியாக வந்த படம் சுருங்கிப் போயிருக்கும். மூலப்படத்தையே கேட்டு வாங்குங்கள்.

பிளக்ஸ் கடைக்காரர் அடிக்கணக்கில்தான் பேசுவார், சதுர அடிக்குத்தான் விலை சொல்வார். ஏ0 என்றால் அவர் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் அடிக்கு நாலடி. மூன்றுக்கு நாலு என்று அவர் முழுமைப்படுத்தி இழுத்துவிட்டால் படங்களின் விகிதம் கெட்டு, வட்டங்கள் முட்டை வடிவாகும். மிச்சத்தை வெள்ளையாக விட்டு வெட்டித்தரச் சொல்லுங்கள். மேலும் சாதாரண பிளக்ஸ், சாலையில் எட்ட நின்று பார்க்கும் பேனருக்கானது; சிறிய எழுத்து அதில் மசமசக்கும். நெருங்கிப் பார்ப்பதற்கான வினைல் அல்லது தடித்த தாள் அச்சு சற்று விலை கூடினாலும் அதையே கேளுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும் என்பதால், முக்கியமான பகுதியை மட்டும் சிறிய துண்டாக முன்கூட்டி அச்சிட்டுப் பார்ப்பது உத்தமம்.

தமிழில் போஸ்டர் செய்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்16ஐயும் கணினியில் தமிழ் எழுத்துக்கான குறியாக்கத் தரமாக அறிவித்துவிட்டது. ஆயினும் பல கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களே ஆட்சி செய்கின்றன. உங்கள் கோப்பை அங்குள்ள பழைய மென்பொருளில் திறந்தால் ‘கொ’வின் கொம்பு பிரிந்து வேறோர் இடத்தில் நிற்கும், சில எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தோன்றும். கடைக்காரரும் தம் பங்குக்குச் சில சொற்களைத் திரும்பத் தட்டச்சு செய்து புதுப் பிழைகளைச் சேர்த்துவிடுவார். எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக மாற்றி, அதை வேறொருவரின் கணினியில் திறந்து, சொல் சொல்லாகச் சரிபார்த்த பிறகு எடுத்துச் செல்லுங்கள். “இதில் எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே அச்சிடுங்கள் அண்ணா” என்று சொல்லி, அச்சு முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். அரங்குக்கு முதல் நாள் மாலையில் இந்த வேலையை வைத்துக்கொண்டால், அன்றைக்கென்று மின்தடை வரும், அல்லது முகூர்த்த நாளாக இருந்து கல்யாண பேனர்கள் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

பலகையின் பக்கத்தில்

அரங்க நாளன்று ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். குண்டூசி, இருபக்க ஒட்டுநாடா, கத்தரி ஆகியவற்றை அமைப்பாளர்கள் தருவார்கள் என்று நம்பாமல் நீங்களே கொண்டுபோங்கள். சுருட்டி வைத்த போஸ்டர் விரிய மறுக்கும். முந்தின இரவே தரையில் விரித்து மூலைகளில் புத்தகங்களை வைத்துவிடுவது நல்லது. மின்விசிறி ஓடும் கூடங்களில் நான்கு மூலைகளோடு பக்கவாட்டிலும் ஒட்டாவிட்டால், நடுவர் வரும் நேரம் பார்த்து மேல்பகுதி மடிந்து தலைப்பை மூடும்.

போஸ்டருக்கு முன்னால் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். யாரேனும் நின்றால் உடனே பேசத் தொடங்க வேண்டாம், தலைப்பைப் படிக்கும் அளவுக்கு நேரம் கொடுத்து, “சுருக்கமாகச் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். ஒரு நிமிடப் பேச்சு ஒன்றையும் நான்கு நிமிடப் பேச்சு ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். நம் தருமபுரி மாணவியின் ஒரு நிமிடப் பேச்சு இப்படித் தொடங்கலாம்: “வணக்கம் மேடம். எங்க ஊர்ல இருபத்துநாலு போர்வெல்ல தண்ணி எடுத்து ஃபுளோரைடு அளந்தேன். ஆழம் கூடக்கூட ஃபுளோரைடும் கூடும்னு நினைச்சுதான் ஆரம்பிச்சேன். அப்படித் தெரியலை. இந்தப் படத்தைப் பாருங்க.” இதில் ‘நீர் உயிர்களுக்கு இன்றியமையாதது’ என்ற முன்னுரை இல்லை, ‘அளந்தேன்’ என்ற சொல் இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, நினைத்தது ஒன்று, கிடைத்தது வேறு என்பதால் கேட்பவருக்கும் ஆர்வம் பிறக்கிறது.

ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற அச்சம் நம் மாணவர்களில் பலரை ஊமையாக்கிவிடுகிறது. மனப்பாடம் செய்த ஆங்கிலம் முதல் கேள்வியிலேயே அறுந்துபோகும். நடுவருக்குத் தமிழ் தெரியுமென்றால், “தமிழில் விளக்கலாமா, சார்?” என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை, கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே சொல்லி, எஞ்சியதைத் தமிழில் சொன்னால் தடையின்றி வரும். நான் அறிந்த நடுவர்கள் எவரும் இதற்காகப் புள்ளி குறைத்ததில்லை. வெளிமாநில நடுவர் வந்தால் சிறுசிறு வாக்கியங்களாக, படத்தைக் கைகாட்டிக்கொண்டே பேசுங்கள்; நல்ல படம் பாதி மொழிபெயர்ப்பைச் செய்துவிடும்.

கேள்விகள் பெரும்பாலும் செய்முறையின் நுணுக்கங்களைத் தொட்டே வரும், ஏனெனில் செய்தவருக்கு மட்டும் தெரிந்தவை அவை. நீரை ஏன் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்தீர்கள், கண்ணாடிக் குப்பியில் ஏன் எடுக்கவில்லை? ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக் கூடும் என்பது விடை. ஃபுளோரைடு அயனியை மட்டும் உணரும் அயனித் தேர்வு மின்முனையால் அளந்தீர்களென்றால், மாதிரியோடு ஏன் ஒரு தாங்கல் கரைசலைக் கலந்தீர்கள்? எல்லா மாதிரிகளிலும் அயனிச் செறிவையும் காரகாடித்தன்மையையும் (pH) ஒரே நிலையில் வைப்பதற்கும், அலுமினியம் போன்ற உலோகங்களோடு பிணைந்திருக்கும் ஃபுளோரைடை விடுவிப்பதற்கும். குழாயைத் திறந்தவுடன் பிடித்தீர்களா, சற்று நேரம் ஓடவிட்டுப் பிடித்தீர்களா? கிணற்றின் ஆழத்தை அளந்தீர்களா, வீட்டுக்காரர் சொன்னதை எழுதினீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘சொன்னதைத்தான் எழுதினேன்’ என்பதே உண்மையானால் அதையே சொல்லுங்கள். அது ஆய்வின் எல்லை என்பதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் நடுவரின் மதிப்பு உயருமேயன்றிக் குறையாது. இப்படிப்பட்ட இருபது கேள்விகளை முன்கூட்டியே எழுதி, உங்கள் துறையைச் சேராத ஒரு நண்பரைக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

விடை தெரியாதபோது, “அதை நான் பார்க்கவில்லை, சார், பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்வேன்” என்று சொல்லலாம். ஊகத்தை உண்மைபோலச் சொல்வதுதான் ஆபத்து. அடுத்த கேள்வி அந்த ஊகத்தின் மேலேயே வரும். நடுவர் தவறாகப் புரிந்துகொண்டால் தரவைக் காட்டித் திருத்தலாம், அதையே மூன்றாம் முறை வாதாட வேண்டியதில்லை. குழுவாக நிற்கும்போது, எந்தப் பகுதியை யார் செய்தாரோ அவரே அதற்கு விடை சொல்லட்டும். வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாணவரின் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று அவருக்காக நீங்கள் விடை சொல்லாதீர்கள், தேநீர் குடிக்கப் போய்விடுங்கள்.

யாருமே வராத நேரமும் இருக்கும். கைபேசியில் மூழ்காமல், பக்கத்துப் பலகையின் மாணவரிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். அவர் உங்கள் போஸ்டரைக் கேட்பார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் மூன்றாமவர் வந்து நிற்பார்.

பிறகு

பங்கேற்புச் சான்றிதழைப் பலர் முக்கியமாகக் கருதுகிறார்கள். சான்றிதழுக்காகவே பதிவுக் கட்டணம் வசூலிக்கும் மாநாடுகள் பெருகியதற்கும் அதுவே காரணம். உங்கள் பணத்தை அவற்றுக்குக் கொடுப்பதற்கு முன், உங்கள் பல்கலைக்கழகத்திலேயே நடக்கும் அரங்கில் ஒருமுறை நின்று பாருங்கள். தன்விவரக் குறிப்பில் அதைத் தலைப்பு, அரங்கின் பெயர், நாள் ஆகியவற்றோடு ‘போஸ்டர்’ என்றே குறிப்பிட வேண்டும்; ‘வெளியீடு’ என்ற பகுதியில் சேர்ப்பது பொய்.

போஸ்டரின் பிடிஎஃப்பை ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ தளத்தில் கட்டணமின்றிப் பதிவேற்றினால், அதற்கு நிலையான ஓர் இலக்க அடையாளம் கிடைக்கும். ஆனால் வழிகாட்டியின் ஒப்புதலின்றி அதைச் செய்யாதீர்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், பதிவேற்றுவதற்கு மட்டுமன்று, அரங்கில் வைப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவைக் கேட்டுவிட வேண்டும். பொதுவில் காட்டப்பட்டது புதியது என்ற தகுதியை இழக்கக்கூடும்.

அன்று மாலை, களைப்புக்கு முன், கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். விடை சொல்ல முடியாதவற்றின் கீழே கோடிடுங்கள். முகவரி கொடுத்துச் சென்றவர்களுக்கு இரண்டு நாளுக்குள் போஸ்டரின் நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நம் தருமபுரி மாணவியின் நோட்டில், “எல்லா மாதிரியும் ஏப்ரல் மாதத்தில் எடுத்ததா? மழைக்குப் பிறகு பார்த்தீர்களா?” என்ற கேள்வியின் கீழே கோடு இருக்கும். டிசம்பர் விடுமுறையில் அவர் அதே 24 கிணறுகளுக்கு மீண்டும் பாட்டில்களோடு போகலாம். இம்முறை ஆழத்தை அளக்க ஒரு நீளமான கயிறும் எடையும் கையில் இருக்கட்டும்.